நூறு வயது மரவீடு: அப்படியே காப்பதா, பின்னால் நீட்டுவதா, தூக்கிக் கட்டுவதா?

இந்த ஆண்டில் மட்டும் தெரிந்த மூன்று குடும்பங்கள் ஒரே கேள்வியோடு வந்துவிட்டன. மூன்றும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருப்பவை. முதல் குடும்பம் ரெட் ஹில் மேட்டில் நாலறை மரவீடு ஒன்றை வாங்கியிருக்கிறது. இரண்டு பிள்ளைகள், கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா. இரண்டாவது குடும்பத்தின் வீடு ரோஸலியில், 2011-லும் 2022-லும் வெள்ளம் புகுந்த பள்ளத்தில். மூன்றாவது, பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்ட ஒரு தம்பதி. நண்டாவில் இருபது வருடமாக அவர்கள் இருக்கும் வீட்டின் தூண்கள் சாயத் தொடங்கிவிட்டன. மூவரும் கேட்டது இதுதான்: "இந்தப் பலகை வீட்டுக்கு அப்படி என்ன மதிப்பு? காப்பாற்றத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எப்படி?"

பாடிங்டனில் இதே மாதிரி ஒரு வீட்டில் நான் பதினாலு வருடமாகக் குடியிருக்கிறேன். முடிந்தவரை வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதே என் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே வழி பொருந்தாது. அந்த வழிகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கப்போகிறேன்.

## இது என்ன வீடு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரிஸ்பேன் நகரத்தைச் சுற்றியிருந்த மேடுகளிலும் பள்ளங்களிலும் கூலித் தொழிலாளர்கள், தச்சர்கள், ரயில்வேக்காரர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். 1885-ல் குதிரை டிராம் வந்தது, 1897-ல் மின்சார டிராம். டிராம் ஓடிய மேட்டு வழியில் கடைகள் முளைத்தன, இரு பக்கச் சரிவிலும் வீடுகள் இறங்கின. பாடிங்டனில் கிவன் டெரஸ், லட்ரோப் டெரஸ் என்ற தெருக்களின் வழியே நடந்தால் இந்த அமைப்பை இன்றும் கண்ணால் பார்க்கலாம். டிராம் 1969-ல் நின்றுபோனது. அது உருவாக்கிய ஊர் அப்படியே இருக்கிறது.

1885-ல் இன்னொன்றும் நடந்தது. மனைகளை அளவுக்கு மீறித் துண்டு போடக்கூடாது என்று குயின்ஸ்லாந்து (பிரிஸ்பேன் இதன் தலைநகர்) சட்டம் கொண்டுவந்து, ஒரு மனைக்குக் குறைந்தது 16 பெர்ச் என்று வைத்தது. இன்றைய கணக்கில் சுமார் 405 சதுர மீட்டர். அதற்கு முன்னால் வெட்டிய மனைகள், குறிப்பாக ஸ்பிரிங் ஹில், பெட்ரி டெரஸ் பக்கம், மிகவும் சின்னவை. வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். தெருவில் நின்று மனையின் அகலத்தைப் பார்த்தாலே வயதைப் பற்றி ஒரு குறிப்பு கிடைத்துவிடும்.

அப்புறம் 1909. வருமானம் குறைந்த தொழிலாளர்கள் சொந்த வீடு கட்ட அரசே கடன் கொடுக்கும் சட்டம் வந்தது. அந்தத் திட்டத்தில் முதல் வீடு 1910-ல் நண்டாவில் எழுந்தது. இன்று அது மாநிலப் பாரம்பரியப் பதிவேட்டில் இருக்கிறது. அது மாளிகை இல்லை, ஒரு சாதாரண மரவீடு. பாரம்பரியம் என்றால் அரண்மனையும் கோயிலும்தான் என்று நினைத்துப் பழகிய நமக்கு இதை மனதில் வாங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஓர் உழைக்கும் குடும்பம் சொந்தக் கூரையின் கீழ் வாழ முடிந்தது என்பதும் வரலாறுதான். அதற்கு இருக்கும் சாட்சி இந்தப் பலகைகள்.

வீட்டின் உடம்பு மிக எளிமையானது. தரையிலிருந்து எழும் கட்டைத் தூண்கள், இங்கே 'ஸ்டம்ப்' என்பார்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் தகரத் தொப்பி. மேலே கடினமரச் சட்டம், ஹூப் பைன் என்ற உள்ளூர் மரத்தின் பலகை, நெளிதகரக் கூரை, முன்னால் வராண்டா. என் வீட்டு நடையில் நின்று சுவரைத் தட்டினால் அடுத்த அறையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார், ஏனென்றால் சுவர் என்பது ஒற்றைப் பலகைதான். கனம் ஓர் அங்குலத்தைத் தாண்டாது. பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று காடி எடுத்துச் செருகி நெட்டுக்குத்தாக நிற்கின்றன. இடுப்புக்குச் சற்று மேலே ஒரு குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்கிறது. வராண்டா பக்கத்துச் சுவரில் தாங்கும் சட்டங்கள் வெளியே தெரிகின்றன, சிலுவை போல் குறுக்குக் கட்டை அடித்திருக்கிறது. உள்பக்கம் வழவழப்பான பலகை. எலும்பை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் சுவர் அது. கதவுகளுக்கு மேலே மரத்தில் இழைத்த பூவேலை, காற்று அறைக்கு அறை போவதற்காக.

## எடை போடும் அளவுகோல்கள்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்று தீர்மானித்துக்கொள்வது நல்லது. நான் ஐந்தைப் பார்க்கிறேன்.

ஒன்று, மதிப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது. இதுதான் முக்கியமானது, பெரும்பாலும் யாரும் கேட்காததும் இதுதான். ஆஸ்திரேலியாவில் பாரம்பரிய இடங்களைக் கையாள்பவர்கள் 1979-லிருந்து பர்ரா சாசனம் என்ற வழிகாட்டியைப் பின்பற்றுகிறார்கள். ஓர் இடத்தின் அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் சார்ந்த மதிப்புகளை முதலில் புரிந்துகொள், பிறகு கை வை, தேவையான அளவுக்கு மட்டும் மாற்று என்பது அதன் சாரம். உங்கள் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மதிப்பு முன்னறைகள் நான்கிலும் இருக்கிறதா? தெருவில் வரிசையாக நிற்கும் ஆறு வீடுகளில் ஒன்று என்பதில் இருக்கிறதா? மனையின் சின்ன அளவில் இருக்கிறதா? பின்பக்கத்தில் ஃபைப்ரோ ஷீட் (சிமென்ட் தகடு) வைத்து 1950-களில் ஒட்டிய சமையலறையில் அநேகமாக இருக்காது.

இரண்டு, சட்டம் எந்த அடுக்கில் பிடிக்கிறது. இங்கே பலரும் குழம்புகிறார்கள். 1979-ல் பெல்வியூ ஹோட்டலை நள்ளிரவில் இடித்தார்கள், 1982-ல் கிளவுட்லேண்ட் நடன மண்டபத்தை விடியுமுன் தரைமட்டமாக்கினார்கள். ஊர் அதை மறக்கவில்லை. 1992-ல் குயின்ஸ்லாந்து பாரம்பரியச் சட்டம் வந்தது. அதன் கீழ் மாநிலப் பதிவேட்டில் இருக்கும் இடங்கள் முதல் அடுக்கு. கவுன்சிலின், அதாவது நகராட்சியின், உள்ளூர்ப் பாரம்பரியப் பட்டியல் இரண்டாவது. இந்த இரண்டிலும் வீட்டின் உட்பகுதிக்கும் பாதுகாப்பு இருக்கலாம். மூன்றாவது அடுக்கில்தான் பெரும்பாலான மரவீடுகள் வருகின்றன: 1946 அல்லது அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கான 'மரபுக் கட்டடத் தன்மை' வரையறை. இது முக்கியமாகத் தெருவின் முகத்தைக் காக்கிறது. வீட்டை இடிப்பதைத் தடுக்கும், உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று பெரிதாகப் பார்க்காது. 1911-க்கு முந்தைய கட்டடங்களுக்குத் தனி வரையறை உண்டு, பிடி இன்னும் இறுக்கம். இவை எல்லாம் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டத்தில் இருக்கின்றன. உங்கள் முகவரியைப் போட்டாலே கவுன்சில் வரைபடம் காட்டிவிடும்.

மூன்று, தண்ணீர். பிரிஸ்பேன் ஆறு நகர அளவுகோலில் 1893-ல் 8.35 மீட்டர், 1974-ல் 5.45, 2011-ல் 4.46, 2022-ல் 3.85 வரை ஏறியது. உங்கள் மனை இந்தக் கோடுகளில் எதற்குக் கீழே இருக்கிறது?

நான்கு, மறைந்திருக்கும் செலவு. டாலர் கணக்கு நான் சொல்லப்போவதில்லை. சரிவும் மண்ணும் மாறினால் கொட்டேஷன் இரட்டிப்பாகிவிடும். எந்த வழியில் எந்தச் செலவு ஒளிந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஐந்து, வீட்டில் யார் வாழப்போகிறார்கள், எத்தனை வருடம். முட்டிவலி உள்ள அம்மாவுக்குப் பதினெட்டுப் படி ஏறும் வீடு பாரம்பரியமாக இருந்தும் பயனில்லை.

## வயதைக் கண்டுபிடிப்பது

எந்த வழிக்குப் போவதானாலும் இதை முதலில் செய்யுங்கள். செலவு குறைவு, பலன் அதிகம். 1946-ல் எடுத்த வான்வழிப் படங்கள் கவுன்சில் வரைபடத்திலேயே கிடைக்கின்றன. உங்கள் கூரை அதில் தெரிந்தால் முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. பழைய குடிநீர், கழிவுநீர் வாரியம் வரைந்த விவரப் படங்களில் ஒவ்வொரு வீட்டின் உருவமும் வராண்டாவோடு இருக்கும். எந்தப் பகுதி முதலில் கட்டியது, எது பிறகு ஒட்டியது என்று அதில் பிரித்துப் பார்க்கலாம். அஞ்சல் டைரக்டரிகளில் தெருவாரியாகக் குடியிருந்தவரின் பெயரும் பெரும்பாலும் தொழிலும் இருக்கும். மனைப் பத்திரத்தில் அடமானம் பதிவான ஆண்டு பல சமயம் வீடு எழுந்த ஆண்டை ஒட்டியே வரும். மாநில நூலகத்தின் ஜான் ஆக்ஸ்லி பிரிவில் உட்கார்ந்தால் ஒரு சனிக்கிழமையில் பாதி வேலை முடியும்.

நான் அப்படித் தேடியபோது என் வீட்டில் முதலில் இருந்தவர் ஒரு செருப்புத் தைப்பவர் என்று தெரிந்தது. பின்னறையில் லினோலியம் விரிப்பைப் பெயர்த்தபோது பலகை இடுக்கில் சின்னச் சின்ன ஆணிகள் கிடந்தன. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த அறையை இடிக்கும் யோசனையே எனக்கு வரவில்லை.

## வழி 1: அப்படியே வைத்துப் பழுதுபார்ப்பது

மதிப்பு: முழுதாக நிற்கும். மற்ற எந்த வழிக்கும் இந்தப் பெருமை கிடையாது. கவனிக்க வேண்டியது ஒன்றுதான், பழுதுபார்க்கிறேன் என்று சொல்லிப் பழையதைக் கழற்றி எறிவது. சன்னல் மேல் தகரக் குடையை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டம் போடுவது, பலகைச் சுவர் மேல் பிளாஸ்டர் போர்டு அடிப்பது, இவையெல்லாம் பழுதுபார்ப்பு ஆகாது. இன்று கடையில் கிடைக்கும் ஹூப் பைன் தோட்டத்தில் வளர்த்தது. உங்கள் சுவரில் இருப்பது இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்த மரம். கழற்றினால் அதே தரத்தில் திரும்ப வாங்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு: முதலில் தூண்கள். அழுகியதை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். பாதியை மாற்றினால் மீதிப் பாதி நாலைந்து வருடத்தில் கூப்பிடும். அடுத்தது கறையான். தூணின் தலையிலுள்ள தகரத் தொப்பி கறையானைத் தடுப்பதற்காக வைத்தது இல்லை. கறையான் மண்ணால் பாதை கட்டி வெளிப்பக்கமாக ஏற வேண்டிய கட்டாயத்தைத் தொப்பி உண்டாக்குகிறது, அந்தப் பாதையை நீங்கள் பார்த்துவிடலாம். அப்படியானால் பார்க்கிற ஆள் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறையாவது. ஹூப் பைன் தரையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தால் அது பைன் வண்டு. கறையானுக்குச் செய்யும் மருந்து அதற்குச் சரிவராது.

ஈயத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வீடுகளின் வரலாறும் அதில் இருக்கிறது. 1892-ல் ஜெஃபரிஸ் டர்னர் என்ற மருத்துவர் பிரிஸ்பேன் குழந்தைகளிடம் ஈய நச்சு இருப்பதைப் பதிவு செய்தார். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1904-ல் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் விரலை நீட்டியது வராண்டாக் கைப்பிடியின் மேல். வெயிலில் பொடிந்த பெயின்ட் குழந்தைகளின் விரலில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்றார். குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில் ஈயப் பெயின்ட் அடிக்கக் கூடாது என்று 1922-ல் குயின்ஸ்லாந்து சட்டம் போட்டது. நீங்கள் ஆசையாகச் சாய்ந்து காப்பி குடிக்கும் அதே கைப்பிடிதான். 1970-க்கு முந்தைய வீடு என்றால் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். சாண்டிங் மெஷினைக் கொண்டு உலர்ந்த பெயின்டைத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவும். முதலில் சோதனைக்கு அனுப்பி, ஈய வேலைக்குப் பழகிய ஆளை வைத்து எடுக்க வேண்டும். பெயின்ட் வேலைக்கு நீங்கள் நினைத்த தொகை இங்கேதான் உடையும்.

குளிரையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பலகைச் சுவர் வெப்பத்தைப் பிடித்து வைக்காது. ஜூலை இரவில் பத்து டிகிரிக்கு இறங்கும்போது வீட்டுக்குள் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும். கூரைக்கடியில் காப்புப் பஞ்சு வைத்து, இடுக்குகளை அடைத்தாலே நன்றாகக் குறையும். சுவரை மூட வேண்டியதில்லை.

யாருக்கு: இரண்டு பேர், மூன்று பேர் உள்ள குடும்பம். மாநிலப் பதிவேட்டிலோ உள்ளூர்ப் பட்டியலிலோ உள்ள வீடு. பின்பக்கம் இடமே இல்லாத சின்ன மனை.

## வழி 2: பின்னால் நீட்டுவது

முன்னறைகளைத் தொடாமல், பிற்காலத்தில் ஒட்டிய பின்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புது சமையலறை, குளியலறை, கூடம் எல்லாவற்றையும் அங்கே கட்டுவது.

மதிப்பு: தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. நல்ல ஆர்க்கிடெக்ட் பழைய வீட்டுக்கும் புதியதற்கும் நடுவே ஒரு சின்ன நடையை இணைப்பாக வைப்பார். அந்த நடையில் நின்றால் எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதுப்பகுதியிலும் போலிப் பூவேலை வைத்து நூறு வருடப் பழசு போலக் காட்டுவது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த தலைமுறைக்கு வீட்டைப் படிக்க முடியாமல் போகும்.

மறைந்திருக்கும் செலவு: இரண்டு கூரைகள் சேரும் பள்ளம். பிரிஸ்பேன் கோடைப் புயலில் ஆலங்கட்டி விழுந்து அந்தப் பள்ளக் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேரே பழைய கூரைப்பலகை மேல் இறங்கும். என் வீட்டில் நடந்தது அதுதான். இணைப்பை மலிவாக முடித்துத் தந்த பில்டர் அதற்குள் தொழிலை விட்டே போய்விட்டார். கால்வாயை இரண்டு மடங்கு அகலமாக்கி, நிரம்பினால் வெளியே வழிய ஒரு வாயும் வைத்து மறுபடி செய்தோம். முதலிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லையிலிருந்து 900 மில்லிமீட்டருக்குள் வரும் புதுச் சுவருக்குத் தீத்தடுப்பு வேண்டும், பலகை மட்டும் போதாது. 450 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைக்குக் கவுன்சிலில் சிறு மனை விதிகள் தனி. நிலத்தின் அடியில் கழிவுநீர்க் குழாய் ஓடினால் அதன் மேல் கட்ட அனுமதி வாங்க வேண்டும். சரிவு பின்பக்கம் இறங்கினால் புதுப்பகுதி ஆகாயத்தில் நிற்கும், மேலே ஏறினால் மண்ணை வெட்டித் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும். பழைய ஃபைப்ரோ ஷீட்டைக் கழற்றுகிறீர்கள் என்றால் அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்க உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவில் அதற்கு முழுத் தடை வந்தது 2003-ன் கடைசி நாளில்தான்.

யாருக்கு: குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வாழும் வீடு. மனைக்குப் பின்னால் பத்து மீட்டராவது இருக்க வேண்டும். வெள்ளக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழிதான். தாத்தா பாட்டி அறை தரைமட்டத்தில் வந்துவிடும், படி ஏறும் வேலை குறையும்.

## வழி 3: தூக்கிக் கட்டுவது

ஜாக் வைத்து வீட்டையே ஒரு மாடி உயரத்துக்குத் தூக்கி, கீழே புது அறைகள். பிரிஸ்பேனில் எங்கே பார்த்தாலும் நடக்கிறது. முதல்முறை பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அடுத்த வீட்டைத் தூக்கியபோது நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரும்பு உத்திரங்கள் அடியில் ஓடின, ஜாக்குகள் விரல் அகலம் விரல் அகலமாக ஏறின, நடுவில் ஒருமுறை எங்கோ ஒரு பலகை 'டக்' என்று காடி விட்டது. வேலையாட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதியத்துக்குள் வீடு இரண்டரை மீட்டர் மேலே நின்றது, சமையலறை அலமாரியில் சாமான்களோடு.

மதிப்பு: இங்கே எனக்குத் தயக்கம் உண்டு. இந்த வீடுகள் எப்போதுமே தூணில் நின்றவைதான், தூக்குவதும் பழைய பழக்கம்தான், அதனால் அநியாயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மார்பளவு உயரத்தில் இருந்த வராண்டாவில் உட்கார்ந்தவர் தெருவில் போகிறவரோடு பேசினார். திண்ணை செய்த வேலையை அது செய்தது. இரண்டரை மீட்டர் உயரத்தில் அது பால்கனி ஆகிவிடுகிறது, கீழே கராஜ் கதவு வந்துவிடுகிறது. வரிசையாக ஒரே உயரத்தில் நின்ற ஐந்து வீடுகளில் நடு வீடு மட்டும் எழுந்து நின்றால் வரிசையே உடையும். கவுன்சில் 9.5 மீட்டர் வரை உயரம் விடுகிறது என்பதற்காக அத்தனையும் எடுக்க வேண்டியதில்லை. வாழும் அறைக்குக் கட்டட விதி கேட்பது 2.4 மீட்டர் உட்கூரை உயரம். சரிவு மனையில் பின்பக்கம் ஏற்கெனவே அந்த உயரம் இருக்கும். முன்பக்கம் கொஞ்சமே தூக்கி, பின்பக்கத்து அடித்தளத்தில் மட்டும் அறைகள் வைத்தால் தெருமுகம் பிழைக்கும்.

மறைந்திருக்கும் செலவு: நிறைய. தூக்குவதற்கான கொட்டேஷன் கையில் வந்ததும் பலர் மொத்தச் செலவும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது தொடக்கம்தான். படிக்கட்டு எல்லாம் புதிது. குழாய், வயர், கழிவுநீர் எல்லாம் நீட்ட வேண்டும். காற்றுக்குக் கூரையிலிருந்து அஸ்திவாரம் வரை இரும்புக் கம்பியால் கட்ட வேண்டும். கீழே சிமென்ட் தளம், சில மாதம் வெளியே வாடகை. அப்புறம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. ஒரு மீட்டருக்கு மேல் விழ இடமிருந்தால் கைப்பிடி ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். பழைய வராண்டாக் கைப்பிடி பெரும்பாலும் அதைவிடத் தாழ்வு. இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும் படுக்கையறைச் சன்னல்களுக்குக் குழந்தை விழாமல் தடுப்பு வேண்டும். வெளியே முழுதாகத் திறக்கும் பழைய சன்னல்களுக்கு அதைப் பொருத்துவது தலைவலி. செர்டிஃபையர், அதாவது கட்டட விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துச் சான்று தருபவர், இதையெல்லாம் கேட்பார் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள்.

அடித்தளத்தைச் சுற்றிலும் மூடிவிட்டால் கறையான் பாதையைப் பார்க்கவும் முடியாது. தொப்பி போட்ட தூணின் பயனே போய்விடும்.

யாருக்கு: வெள்ளப் பகுதி வீட்டுக்கு இதுதான் சரியான வழி, ஒரு நிபந்தனையோடு. 2022 வெள்ளத்துக்குப் பிறகு வந்த ரெசிலியன்ட் ஹோம்ஸ் ஃபண்ட் என்ற அரசு நிதி வீடுகளைத் தூக்கப் பணம் கொடுத்தது வாழும் தளத்தைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோகத்தான். தூக்கிவிட்டுக் கீழே படுக்கையறையும் தியேட்டர் ரூமும் கட்டினால் தண்ணீருக்கு மறுபடி விருந்து வைத்த மாதிரி. கீழ்த்தளத்தைத் திறந்தே விடுங்கள், மரப் பட்டிகளால் மறைத்துக்கொள்ளலாம். துணி காயப்போட, சைக்கிள் நிறுத்த, மழைநாளில் பிள்ளைகள் விளையாட. அந்தக் காலத்தில் அடித்தளம் இருந்ததும் அதற்குத்தான்.

## வழி 4: வேறு இடத்துக்கு அகற்றுவது, அல்லது இடிப்பது

குயின்ஸ்லாந்தில் வீட்டைத் தூக்கி லாரியில் வைத்துக்கொண்டுபோவது ஒரு தனித் தொழில். பெரிய வீட்டை இரண்டாக அறுத்து, மின்கம்பிக்கு அடியில் போகக் கூரையைக் கழற்றி, இரவில் கொண்டுபோவார்கள். மரச் சட்ட வீடு என்பதால் இது முடிகிறது, செங்கல் வீட்டில் நடக்காது.

ஆனால் அகற்றுவதும் கவுன்சில் கணக்கில் இடிப்பதற்குச் சமம்தான். 1946 வரையறைக்குள் உள்ள வீட்டை எடுக்க, அது கட்டமைப்பாகச் சரிசெய்ய முடியாத நிலையில் இருக்கிறது என்றோ, அதில் மரபுத் தன்மை மிச்சமில்லை என்றோ, தெருவின் அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட வீடுகளே இல்லை என்றோ காட்ட வேண்டும். பராமரிக்காமல் விட்டு வீணாக்கினால் வழி திறக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தவறும்கூட.

மதிப்பில் பாதி மனையிலும் தெருவிலும் இருக்கிறது. ரெட் ஹில் சரிவுக்கென்று கட்டிய வீட்டை வெட்டவெளிச் சமதரையில் வைத்தால் பலகை பிழைக்கும், கதை பிழைக்காது. தூண், பின்பக்கத் தாழ்வாரம் எதுவும் கூட வராது. இடிப்பதைவிட மேல், அவ்வளவுதான்.

யாருக்கு: நாலு பக்கமும் அடுக்குமாடி எழுந்து ஒற்றையாக மிஞ்சிப்போன வீடு. வேறு எவருக்கும் இல்லை என்பது என் கருத்து.

## ஒரே பார்வையில்

| | பழுதுபார்ப்பது | பின்னால் நீட்டுவது | தூக்கிக் கட்டுவது | அகற்றுவது |
|---|---|---|---|---|
| பழைய பலகையும் அறைகளும் | முழுதும் நிற்கும் | முன்னறைகள் நிற்கும் | நிற்கும், இணைப்புகள் அசையும் | பகுதி மட்டும் |
| தெருமுகம் | மாறாது | மாறாது | மாறும் | போய்விடும் |
| அனுமதி | எளிது | நடுத்தரம் | உயரத்தையும் மனையையும் பொறுத்தது | மிகக் கடினம் |
| வெள்ளம் | இருந்தபடியே | புதுப்பகுதி தாழ்ந்தால் ஆபத்து | கீழே திறந்திருந்தால் நல்லது | புது மனையைப் பொறுத்தது |
| எதிர்பாராத செலவு | ஈயம், தூண், வண்டு | கூரைப் பள்ளம், தீத்தடுப்பு, குழாய் | படி, கைப்பிடி, சன்னல், வாடகை | இரு இடத்திலும் அனுமதி, மறு இணைப்பு |
| வயதானவர்களுக்கு | நடுத்தரம் | நல்லது | படி அதிகம் | — |

## அந்த மூன்று குடும்பங்கள்

ரெட் ஹில் குடும்பத்துக்குப் பின்னால் நீட்டச் சொன்னேன். அவர்கள் மனதில் இருந்தது தூக்குவது, ஏனென்றால் கீழே இரண்டு கார் நிறுத்தலாம். மனைக்குப் பின்னால் பதினான்கு மீட்டர் சமதரை சும்மா கிடக்கிறது, அம்மாவுக்கு முட்டி சரியில்லை. கார் ஒன்று தெருவில் நிற்கட்டும்.

ரோஸலியில் சந்தேகமே இல்லை, தூக்குவதுதான். 2011-ல் அவர்கள் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது. பென்சிலால் அதன் பக்கத்தில் யாரோ தேதி எழுதியிருக்கிறார்கள், அந்தப் பலகையை மட்டும் பெயின்ட் அடிக்காமல் விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கீழே அறை கட்டமாட்டோம் என்று அக்கா ஒத்துக்கொண்டுவிட்டார். அண்ணனுக்கு இன்னும் ஓர் அலுவலக அறை ஆசை இருக்கிறது.

நண்டா தம்பதி விற்கத்தான் நினைத்தார்கள். சாய்ந்த தூண்களைப் பார்த்து வீடே போய்விட்டது என்று பயந்திருக்கிறார்கள். ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு நானும் டார்ச்சோடு அடியில் தவழ்ந்து போனேன். மண்ணைத் தொடும் அடிமுனைதான் அழுகியிருந்தது. மேலே உத்திரத்தைக் கத்தியால் குத்திப் பார்த்தால் கத்தி இறங்கவில்லை, கடினமரம் இரும்பு மாதிரி இருந்தது. தொப்பிகள் துருப்பிடித்திருந்தாலும் எதிலும் மண் பாதை இல்லை. அடுத்த மாதம் இருபத்தெட்டுத் தூண்களையும் மாற்றுகிறார்கள். பழைய தூண்களில் நல்லதாக இரண்டைத் தோட்டத்தில் பெஞ்சுக்குக் காலாக வைக்கப்போவதாக ஐயா சொன்னார். அளவும் எடுத்துவிட்டாராம்.